மலையில் ஏது புயல் என்று கேட்காதவர்களுக்கு நன்றி

மலையில் அடித்த கஜா புயலைப் பற்றிய எங்கள் படக்கதைப் புத்தகம் சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக, கொடைக்கானல் மலையிலுள்ள எங்கள் பண்ணைக்காட்டுக்கு வந்து இறங்கிவிட்டது. 32 பக்கம், நான்கு வண்ணம், நடுவில் பின் அடித்தது. அட்டையில் என் பெயரும் ஓவியர் பெயரும்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் கொடுத்தது.

2018 நவம்பர் 16, கஜா புயல். நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, வலுக்குறைந்து, பகலில் திண்டுக்கல் பக்கம் வந்து, நம் மலையையும் தாண்டிக் கேரளா வழியாக அரபிக்கடலுக்குப் போனது. டெல்டாவில் சாய்ந்த தென்னைகளை நாடே பார்த்தது. பார்க்கத்தான் வேண்டும், அங்கே போனது சின்ன இழப்பில்லை. ஆனால் இங்கே தாண்டிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் புயலை வரையச் சொன்னால் கடல், படகு, தென்னை என்றே வரைகிறார்கள். கடலை நேரில் பார்க்காத பிள்ளைகளும் அப்படித்தான். சொந்த வீட்டுக் கூரையைப் பிய்த்த காற்று புயல் கணக்கில் வரவில்லை! பதிப்பாளர் ஒருவரும், பெயர் வேண்டாம், "மலையில ஏதுங்க புயல்? கதையைக் கடற்கரைக்கு மாத்திடுங்க" என்றார். மாற்றவில்லை. அச்சாகும் முன்பே காசு கட்டிப் பிரதி வாங்கியவர்களே, நீங்கள்தான் எங்கள் பதிப்பாளர்.

காப்பித் தோட்டத்து அப்பத்தாவுக்கு முதல் நன்றி. நவம்பரில் காப்பிப் பழம் சிவந்து, பறிப்புத் தொடங்கும் நேரம். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் அது தனியாகச் சாய்வதில்லை. மேலே படர்ந்த மிளகுக் கொடியோடு வந்து காப்பிச் செடி மேல் விழும். பறிக்க வேண்டிய பழமெல்லாம் சேற்றில். இதை நான் ஓரளவு எழுதி வைத்திருந்தேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "மரம் விழுந்தது கூடப் பரவாயில்ல சாமி, மறுநா வெயிலு நேரா காப்பி மேல வுழுந்துச்சு பாரு, அதப் பாத்துத்தான் எனக்கு அழுக வந்துச்சு" என்றார். நிழல் போனால் காப்பிச் செடி வெயிலில் வாடிவிடும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். புத்தகத்திலேயே பளிச்சென்ற மஞ்சள் பக்கம் அதுதான். பார்க்க அழகாக இருக்கும். கதையில் வரும் அப்பத்தா மட்டும் அந்த வெயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்.

வெள்ளகவி மலைக்கிராமப் பாதையில் மூட்டை ஏற்றிப் போகும் குதிரைக்கார அண்ணனுக்கு ஓவியரின் தனி நன்றி. காற்றை எதிர்த்து முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை ஒன்றைப் பென்சிலில் பார்த்தவர் சிரித்துவிட்டார். "சினிமாக் குதிரைங்க இது. நம்ம குதிரை காத்துக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப் போட்டு நிக்கும்." அப்புறம் அந்த இரட்டைப் பக்கம் முழுக்க மாறியது. குதிரை திரும்பி நிற்கிறது, அதன் மறைவில் கதையில் வரும் அக்காவும் தம்பியும் ஒடுங்கி நிற்கிறார்கள். கதை அங்கேதான் உட்கார்ந்தது என்பேன்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஐயா, நம் பாதி உலகில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் சுழலும் என்று முதலிலேயே சொல்லி வைத்தார். புத்தகத்தில் எங்கள் காற்று, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை அப்படியே சுழல்கிறது. எந்த வாத்தியாரும் குறை சொல்ல முடியாது.

மின்வாரிய ஊழியர்களே, வண்டி போகாத இடத்துக்குக் கம்பத்தைத் தோளில் சுமந்து போன கதையைச் சொன்னீர்கள். உங்களை வீரர்களாக வரையத் திட்டம். நீங்களோ, "டீ குடிக்கிற மாதிரி போடுங்க, அன்னைக்கு அதுதான் கிடைக்கல" என்றீர்கள். போட்டிருக்கிறோம், ஆளுக்கொரு டம்ளர்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? கையெழுத்துப் படியை வாசித்துக் காட்டியபோது பெரியவர்கள் எல்லோரும் நன்று என்றார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமிதான், "ராத்திரி குதிரை எங்க தூங்குச்சு?" என்று மடக்கினாள். அது தூங்கிய பக்கம் அவளுக்காகவே வரைந்தது. எங்கே என்று இங்கே சொல்லமாட்டேன்.

அச்சகத்தாருக்கும் நன்றி. பச்சையில் எத்தனை வகை என்று எங்களோடு மல்லுக்கு நின்று, கடைசியில் தைல மரத்தின் பச்சையையும் காப்பி இலையின் பச்சையையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

முன்பணம் கட்டியவர்களுக்குப் பிரதிகள் தபாலில் புறப்படுகின்றன. மலைக் கிராமப் பள்ளிகளுக்கு ஒதுக்கியதை நாங்களே பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறோம். தங்களைப் போல ஓர் ஆள் படத்தில் இருப்பதாகச் சந்தேகப்படுகிறவர்கள் பண்ணைக்காட்டுக்கு வந்து மூலப்படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குதிரைப் படம் மட்டும் ஏற்கெனவே அண்ணன் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது.