ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து கொடுத்த அண்ணனுக்கு நன்றி

கோபியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு, திருப்பூர் கம்பெனி சர்வரைத் திறக்கப் போனில் பொறுமையாக வழிகாட்டிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர வைக்கும் விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும். ஷேர்டு ஃபோல்டர் மட்டும் திறக்காது. பையருக்கு அனுப்ப வேண்டிய பனியன் அளவுத் தாள்கள் எல்லாம் அதற்குள்தான். பாஸ்வேர்டை மாற்று, விண்டோஸை மறுபடி போடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இவர்தான், "அம்மணி, வீட்டு ரூட்டரோட ஐபி என்னன்னு பாருங்க" என்றார். ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு உள்ள முகவரி எண். வீட்டிலும் 192.168.1 வரிசை, ஆபீஸிலும் அதே வரிசை. அதனால் சர்வரின் எண்ணைக் கம்ப்யூட்டர் வீட்டு நெட்வொர்க்கிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. விபிஎன் பக்கம் போகவே இல்லை.

வீட்டு ரூட்டரை 192.168.50.1 என்று மாற்றச் சொன்னார். எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் சோதனைக்கு சர்வர் உடனே பதில் தந்தது. சர்வரின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை, பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் ஆபீஸ் டிஎன்எஸ் எட்டவில்லையாம். சரி என்று ஐபி எண்ணையே போட்டதும் ஃபோல்டர் திறந்தது!

"445 போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேராத் திறந்து விடுங்கன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க" என்று, ஃபோல்டர் பகிர்வுக்கான அந்த வாசலைப் பற்றியும் எச்சரித்தார். அதற்குத்தான் கூடுதல் நன்றி. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அண்ணா, ஷிப்மென்ட் நேரத்துக்குப் போயிடுச்சுங்க.