பெரிகோர் சைக்கிள் பயணம்: உறுப்பினர்களுக்கு

நண்பர்களே, அக்டோபர் முதல் வாரம் பிரான்சின் பெரிகோர் நுவார் பக்கம் போவது உறுதி. சார்லாவில்தான் தங்கல். அடர்ந்து இருண்ட ஓக் காடுகளால் அந்தப் பகுதிக்கே ‘கருப்பு பெரிகோர்’ என்று பெயர்.

முதல் நாள் சார்லாவிலிருந்து கார்சாக், க்ரோலெழாக் வரை பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை. கார், லாரி எதுவும் கிடையாது; ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமும் லேசானதுதான். புதியவர்கள் பயப்படாமல் வாருங்கள்.

மறுநாள்தான் தொடைக்கு வேலை. 1281-இல் மலை உச்சியில் கட்டத் தொடங்கிய டோம் ஊருக்கு ஏறுகிறோம். அப்புறம் ஆற்றோரமாக பேனாக், கஸ்தெல்னோ கோட்டைகள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் எதிரெதிர் அணியில் நின்று டோர்டோன் ஆற்றுக்கு மேல் முறைத்துக்கொண்ட கோட்டைகள் இவை. இந்தப் பகுதி முழுக்கச் சிறு கிராமச் சாலைகளில்தான். வண்டிகள் குறைவு என்றாலும் வலப்பக்கக் கிளைச் சாலையிலிருந்து வருபவருக்கே பெரும்பாலும் முன்னுரிமை. மறந்துவிடாதீர்கள்.

அது வால்நட் உதிரும் காலம். ஈரத் தோல் டயரில் மாட்டினால் சோப்பு மாதிரி வழுக்கும், வளைவில் வேகம் வேண்டாம். மதியம் கிராமக் கடைகள் மூடிவிடும், சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக் குழாயைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அங்கே சைக்கிள்காரர்கள் செய்வதுதான். ‘குடிக்க ஏற்றதல்ல’ என்ற பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வருகிறவர்கள் ஞாயிறு இரவுக்குள் பெயர் போடுங்கள்.