பெர்சிக்குப் போய் வந்த கையோடு, அக்காவுக்கு

லா கூர்னெவ், 10.02.2020

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் சுகம், நீங்களும் அத்தானும் சுகம்தானே. சின்னவள் யூடோ என்கிற ஜப்பான் தற்காப்புக் கலை பழகுவதைப் பற்றி வைபரில் கதைத்தால் நீங்கள் என்னை முடிக்க விடமாட்டீர்கள், "பொம்பிளைப் பிள்ளையை ஏனடா அடிபிடிக்கு விட்டனீ" என்று அதே இடத்தில் வந்து நிற்பீர்கள், அதனால்தான் இருந்து எழுதுகிறேன். இன்று திங்கள், ரெஸ்ரோறன்ற் பூட்டு. வெளியில் பேய்க்காற்று அடிக்கிறது, ஒருத்தரும் வெளிக்கிடவில்லை.

நேற்று சின்னவளைக் கூட்டிக்கொண்டு பாரிஸில் இருக்கிற பெர்சிக்கு யூடோப் போட்டி பார்க்கப் போனேன். ஏழாம் நம்பர் மெற்றோவில் ஷாத்லே வரைக்கும், அங்கே மாறி பதினாலில். பெரிய விளையாட்டரங்கம், வெளிச்சுவரெல்லாம் சரிவாக, அந்தச் சரிவில் புல் வளர்த்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் வீட்டுக் கூரையில் புல் முளைத்தால் ஆளைப் பிடித்துப் பிடுங்குவோம், இங்கே அதை அழகு என்கிறார்கள், சரி. ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் இங்கேதான் பாரிஸ் யூடோப் போட்டி, உலகத்தில் பெயர்பெற்ற யூடோக்காரர் எல்லாரும் வருவார்கள். ரிக்கெற் கழகத்தில் சேர்த்து எடுத்தது, அதனால் ஆக மேல் வரிசை. மேலே முழுக்கச் சின்னப் பிள்ளைகள்தான், கழகம் கழகமாக, கொடியும் சத்தமும். நம்மூரில் பெடியள் கிரிக்கெட் மட்டையோடு திரிகிற மாதிரி இங்கே யூடோ. பல ஊர்களில் நகரசபை மண்டபத்தில் ஒரு யூடோக் கழகம் இருக்கும், புதன்கிழமை பின்னேரம் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகளைத் தெருவில் காணலாம்.

நீங்கள் நினைப்பதுபோல அடிபிடி இல்லை அக்கா. அடிக்கவே கூடாது, உதைக்கக் கூடாது. உடுப்பைப் பிடித்து, மற்றவரின் நிலையைக் குலைத்து, முதுகு நிலத்தில் படப் போட வேண்டும். சுத்தமாக, வேகத்தோடு போட்டால் இப்போன், அந்த இடத்திலேயே ஆட்டம் முடிவு. பாதி சரியாகப் போட்டால் வசாரி, இரண்டு வசாரி ஒரு இப்போன். நிலத்தில் 20 செக்கன் அமுக்கிப் பிடித்தாலும் வெற்றிதான். இவ்வளவும் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்பது வயது மகள். நேற்று முழுநாளும் எனக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர், பள்ளிக்கூடத்துக் கடிதத்துக்கும் அவள்தான், இதற்கும் அவள்தான்.

பெண்களும் ஆண்களும் ஒரே மண்டபத்தில், பக்கத்துப் பக்கத்து மெத்தைகளில். பெண்களுக்கு ஏழு எடைப்பிரிவு, ஆண்களுக்கும் ஏழு. முன்பு ஆண்களுக்கு 5 நிமிஷமும் பெண்களுக்கு 4 நிமிஷமும் என்று இருந்ததாம், 2017இலிருந்து இரண்டு பேருக்கும் 4. சின்னவளின் சாமி கிளாரிஸ் அக்பெக்னெனு, பிரெஞ்சு யூடோக்காரி, நாலு தரம் உலகச் சம்பியன். ஆனால் அவரின் 63 கிலோ சனிக்கிழமை, எங்கள் ரிக்கெற் ஞாயிறு. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன், இது அவளின் பயிற்சியாளர் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. 1959இல் அமெரிக்காவில் ரஸ்டி கனோகோகி என்று ஒரு பெண், தலைமயிரைக் கட்டையாக வெட்டி, நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆண்கள் அணியில் நின்று ஜெயித்தார். பிறகு "நீ பொம்பிளையா" என்று கேட்டிருக்கிறார்கள், ஓம் என்றார், பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அந்த மனிசி சும்மா இருக்கவில்லை, தன் வீட்டை ஈடு வைத்து 1980இல் நியூயோர்க்கில் பெண்களுக்கான முதல் உலகச் சம்பியன்ஷிப்பை நடத்தினார். வீட்டை ஈடு வைத்து, அக்கா! நாங்கள் வெளிநாடு வர ஏஜென்சிக்குக் கட்ட ஈடு வைத்த மாதிரி.

சரி, நேற்று நடந்ததுக்கு வருகிறேன். தெடி றினேர் என்கிற பிரெஞ்சு யூடோக்காரரின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. குவாதலூப்பில் பிறந்தவர், 2 மீற்றர் 4 உயரம், பனை மாதிரி. ஒலிம்பிக் தங்கம் இரண்டு, உலகப் பட்டம் பத்து. 2010இலிருந்து நேற்று வரை ஒருத்தரிடமும் தோற்கவில்லை, 154 ஆட்டம். இந்தப் பிள்ளைகள் பலர் பிறந்ததிலிருந்து அந்த மனிதன் தோற்றதே கிடையாது, அவர்களுக்கு அது காலையில் வெளிச்சம் வருகிற மாதிரி. மூன்றாவது சுற்றில் ஜப்பான்காரன் ஒருத்தன், ககெயுரா, றினேரை விட ஒரு தலை கட்டை. நாலு நிமிஷமும் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது, அதில் முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. "தெடி, தெடி" என்று மண்டபம் இடிகிறது. றினேர் காலை உள்ளே விட்டுத் தூக்கப் போனார், அந்தப் பெடியன் தன் காலை இழுத்துக்கொண்டு விலகி, வந்த வேகத்திலேயே ஆளைத் திருப்பிவிட்டான். தூக்கப் போன கால் வெறுங்காற்றில் நின்றது, பிறகு அந்தப் பெரிய உடம்பு சரிந்தது. வசாரி.

சத்தம் பட்டென்று நின்றது. சின்னவள் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்டேன். இரண்டு பேரும் குனிந்து வணக்கம் சொன்னார்கள், அது கட்டாயம். பிறகு எங்கள் பக்கத்தில் எழும்பிக் கைதட்டத் தொடங்கினார்கள். அந்தப் பெடியனும் கடைசி ஆட்டத்தில் ஹென்க் குறோல் என்கிற ஹொலண்ட்காரரிடம் தோற்றான், அதை நான் அரைக் கவனத்தோடுதான் பார்த்தேன்.

திரும்பும்போது மெற்றோவில் பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அவள் "அப்பா, அவர் விழும்போது கையை ஊன்றவில்லை, பார்த்தீங்களோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்குச் சொல்லவில்லை, போன மாதம் குசினியில் பாத்திரம் கழுவுகிற பிளொன்ஜ் பக்கம் ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. (அதுதான் தை மாதக் காசு பிந்தியது, சீட்டுக் கட்டி இல்லை.) அன்றைக்கு அவள் என்னை ஹோலில் நிறுத்திப் பாடம் எடுத்தாள்: நாடியை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், தலை அடிபடக் கூடாது, கையை ஊன்றாமல் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நிலத்தில் பட்டென்று அடிக்க வேண்டும். கழகத்தில் முதல் மாதங்கள் இதுதான் படித்தார்களாம், விழுவது. தூக்கிப் போடுவதெல்லாம் பிறகு. கீழ்வீட்டு மனிசி தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டும்வரை நானும் விழுந்து எழும்பினேன், நாற்பத்தாறு வயதில்.

அவளுக்கு இப்போது மஞ்சள் பட்டி. வருகிற வருஷம் தோடம்பழ நிறம். மெத்தை ஓரத்தில் செருப்பை வெளிப்பக்கம் பார்க்க வரிசையாக விட்டு, குனிந்து கும்பிட்டுத்தான் உள்ளே போகிறார்கள், அதைப் பார்த்தால் நீங்களே பேசாமல் இருப்பீர்கள்.

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம், ரிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யூடோ உடுப்பையும் கொண்டுவருவாளாம், மாமிக்கு விழப் பழக்க வேண்டுமாம். அறைக்குள் கிடக்கிற பழைய தும்பு மெத்தையை எறிந்துவிடாதீர்கள். அத்தானின் மருந்துக்குக் காசு நாளைக்குப் போடுகிறேன், கிடைத்ததும் ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள்.

அன்புடன்,
தம்பி