வார்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்: அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செலவைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததும் பஞ்சிலும் கையுறையிலும் கை வைக்காதீர்கள். முதலில் வார்டு அலமாரிகளைத் திறந்து பாருங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்டு அலமாரியில் ஆன்டிபயாடிக் ஊசி மருந்து பெட்டி பெட்டியாகக் காலாவதியாகிக் கிடந்தது. அதே சமயம் பக்கத்து வார்டுக்கு அதே மருந்தை லோக்கல் பர்ச்சேஸில் வெளிக்கடை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். சிஸ்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி டியூட்டியில் மருந்து இல்லாமல் நோயாளியின் உறவினர்களிடம் ஏச்சு வாங்கியவர், அடுத்த இன்டென்டில், அதாவது ஸ்டோருக்கு எழுதும் மருந்துக் கோரிக்கையில், இரண்டு பங்கு எழுதத்தான் செய்வார். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதபோது எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே ஸ்டோரில் தட்டுப்பாடு இன்னும் கூடுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். சீக்கிரம் காலாவதியாவதை முன்வரிசையில் வையுங்கள். பெட்டிகளுக்கு நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். எடுக்க எடுக்க அந்த அட்டை வெளியே தெரிந்தால் அன்றைக்கே இன்டென்ட் போட வேண்டும். ஸ்டோரும் மறுநாளே கொடுத்துவிட வேண்டும். டொயோட்டா ஆலைகளில் உதிரி பாகங்களுக்கு வைத்திருக்கும் கான்பான் முறைதான் இது.

நம் மாநிலத்துக்கு இந்த யோசனை அந்நியமும் இல்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதலாலும், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஒதுக்கீட்டில் எடுத்த மருந்தைப் பதிந்துவரும் பாஸ்புக் முறையாலும் மாவட்டக் கிடங்குவரை ஒழுங்கு கொண்டுவந்துவிட்டது. கிடங்கிலிருந்து கட்டில்வரை உள்ள தூரம்தான் பாக்கி. கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000-ஆம் ஆண்டு வாக்கில் வேண்டாததை ஒதுக்குவது, இருப்பதை அடுக்குவது என்றுதான் தன் சீர்திருத்தத்தை ஆரம்பித்தது. பிறகு ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதையே முன்மாதிரியாகக் காட்டியது.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-இல், வீணாவதைக் குறைக்கும் டொயோட்டா முறைக்கு மாறியபோது, இந்த மேம்பாட்டைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டோம் என்று ஊழியர்களுக்கு உறுதி கொடுத்தது. நம் வார்டுகளில் ஒப்பந்த நர்ஸ்களும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களும்தான் நிறைய. தான் சொல்லும் யோசனையால் தன் வேலையே போகும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? எங்கே வீணாகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் அந்த உறுதியை எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்ததாரரிடமும் எழுதி வாங்குங்கள்.

மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு அந்த வார்டுக்கே போகட்டும். ஓடாத மின்விசிறிக்கோ கிழிந்த மெத்தைக்கோ அவர்களே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மிச்சம் பிடித்ததற்குக் கூலியாக அடுத்த வருட ஒதுக்கீட்டைக் குறைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அலமாரிகள் மறுபடியும் நிரம்பத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு வார்டில் ஆரம்பியுங்கள். அடுத்த இன்டென்ட் நாளில் மருந்தாளுநரையும் வார்டு சிஸ்டரையும் கூட வைத்துக்கொண்டு, நீங்களே அலமாரிக்கு முன்னால் நின்று காலாவதித் தேதிகளைப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்