ஓப்பன் ஜீப்புக்குன்னு வித்துட்டு தண்ணி பட்டுச்சுன்னு வாரண்டி இல்லங்கறீங்க – புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு

பொருள்: ஜீப் ஸ்டீரியோ செட், வாரண்டி மறுத்தது, ஆபத்தான முறையில ஃபிட்டிங் பண்ணது, முழு பணம் திரும்ப கேட்டு

வணக்கம் சார். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து எழுதறேன். உங்க கம்பெனி வெப்சைட்ல ஓப்பன் ஜீப்புக்குன்னே போட்டிருந்த ஸ்டீரியோ செட்ட, அதாவது ஹெட் யூனிட் (டேஷ்போர்டுல மாட்டற ரேடியோ ப்ளேயர்), நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒயரிங் கிட் எல்லாம் சேத்து ஃபிட்டிங் சார்ஜோட 38,500 ரூபா கட்டி வாங்கினேன். ஓசூர்ல இருக்கற உங்க அங்கீகாரம் பெற்ற ஃபிட்டிங் சென்டர்லதான் மாட்டினது, நான் வெளிய எங்கயும் கொடுத்து மாட்டல. பில், வாரண்டி கார்டு, ஃபிட்டிங் ரசீது மூணும் இந்த மெயில்ல இணைச்சிருக்கேன்.

செட்டு வேலை செய்யலன்னு அனுப்பினதுக்கு உங்க சர்வீஸ்ல இருந்து வந்த பதில் இதுதான்: ஸ்பீக்கர்ல தண்ணி போயிருக்கு, ஆம்ப்ளிஃபயர்ல தூசி அடைஞ்சிருக்கு, இது வாடிக்கையாளர் பயன்படுத்துன விதத்தால வந்த பழுது, வாரண்டில வராது. அவ்ளோதான், ரிப்பேர் கூட பண்ணாம அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. சார், ஜீப்புக்கு கூரை கிடையாது, கதவு கிடையாது, முன் கண்ணாடியும் மடக்கி வைக்கறதுதான், மழை வந்தா நனையும், மண் ரோட்டுல போனா தூசி ஏறும், இது தெரிஞ்சுதானே ஓப்பன் ஜீப் செட்டுன்னு பேர் வச்சு வித்தீங்க? உங்க விளம்பர படத்துலயே ஒரு ஜீப் ஓடைத்தண்ணிய கிழிச்சுட்டு போகுது, கீழ மழை சேறு தூசி எதுவும் ஒண்ணும் பண்ணாதுன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க. அந்த பக்கத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், அதையும் இணைச்சிருக்கேன். எந்த காரணத்த சொல்லி வித்தீங்களோ அதே காரணத்த சொல்லி வாரண்டி இல்லங்கறீங்க, என் புகார்ல முக்கியமானதே இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்பறம்.

வண்டி எங்க அப்பாவோட பழைய மஹிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் இன்ஜின், சத்தம் எப்படி இருக்கும்னு ஜீப் செட்டு விக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாந்தோப்புக்கு போக வர, பெங்களூரா காய் சீசன்ல மாங்கூழ் ஃபேக்டரிக்கு போய் பேசிட்டு வர, குடும்பத்தோட ஒகேனக்கல் அஞ்செட்டி பக்கம் போக எல்லாத்துக்கும் இந்த வண்டிதான். அப்பா இப்ப ஓட்டறதில்ல, பக்கத்து சீட்ல உக்காந்து வருவாரு, தருமபுரி வானொலியும் பழைய பாட்டும் கேக்கணும்னு அவருக்கு ஆசை, அதுக்காகத்தான் சாதாரண கார் செட்டு வேண்டாம், விலை அதிகமானாலும் ஜீப்புக்குன்னு செஞ்சத வாங்குவோம்னு உங்க கிட்ட வந்தேன். கார் செட்டு கிருஷ்ணகிரி டவுன்லயே பாதி விலைக்கு கெடைக்குது சார்.

நீங்க திருப்பி அனுப்பின பிறகுதான் எங்க ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிட்ட காட்டினேன், அதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூ கூட யாரும் தொடல. அவர் ஸ்பீக்கர கழட்டி காட்டுனதும் எனக்கு கோவம் தாங்கல. சத்தம் வர அதிர்ற கோன் வெறும் பேப்பர், சுத்தி இருக்கற விளிம்பு ஃபோம். தண்ணி படற இடத்துக்குன்னு செய்யற ஸ்பீக்கர்ல, படகுல மாட்டறது மாதிரி, கோன் பாலிப்ரோப்பிலின் பிளாஸ்டிக்ல இருக்கும், விளிம்பு ரப்பர்ல இருக்கும், வெயில்ல வெடிக்காம இருக்க யூவி தாங்கற மெட்டீரியல் போடுவாங்க, அதோட தூசி, தண்ணிய எவ்ளோ தாங்கும்னு காட்டற ஐபி நம்பர் குடுத்திருப்பாங்க. அந்த நம்பர்ல மொத எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு, ஐபி65ன்னா தூசி உள்ள போகாது, பைப்புல தண்ணி பீச்சினாலும் தாங்கும்னு அர்த்தம். உங்க பெட்டில, மேனுவல்ல, ஸ்பீக்கர் முதுகுல எங்க தேடியும் ஐபி நம்பரே இல்ல. கார் கதவுக்குள்ள மாட்டற சாதா ஸ்பீக்கர் மேல ஜீப் படம் ஒட்டுன பெட்டிய போட்டு அனுப்பியிருக்கீங்கன்னுதான் நான் நினைக்கிறேன், இல்லன்னா அந்த ஸ்பீக்கருக்கு என்ன ரேட்டிங்னு எழுத்துல குடுங்க.

அடுத்தது வாட்ஸ். விளம்பரத்துல 1200 வாட்ஸ்னு இருக்கு. ஆம்ப்ளிஃபயர்ல இருக்கறது ஒரே ஒரு 30 ஆம்ப் ஃப்யூஸ். இன்ஜின் ஓடும்போது வண்டில 14 வோல்ட் வரும்னு வச்சாலும் 30 பெருக்கல் 14, 420 வாட்ஸ்தான் உள்ள போகவே முடியும், அதுல ஒரு பகுதி சூடா போயிடும், மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. உள்ள 420 போற இடத்துல தொடர்ந்து 1200 எப்படி சார் வெளிய வரும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தர்ற பவர், எவ்ளோன்னு எங்கயும் போடல, கஸ்டமர் கேர்ல கேட்டா அந்த பொண்ணுக்கு பதில் தெரியல, பாவம் அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அவங்களுக்கு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். ஓப்பன் வண்டில இது ரொம்ப முக்கியம், ஏன்னா மூடுன கார்ல கூரையும் கண்ணாடியும் சத்தத்த உள்ளயே நிறுத்தும், பேஸ் கூடுதலா கேக்கும், ஜீப்புல அது எல்லாம் வெளிய போயிடும், மேல காத்து இரைச்சல் வேற. அதனால ஜீப்புக்குன்னு செய்யறவங்க சென்சிட்டிவிட்டி, அதாவது கொஞ்ச பவர்லயே கூட சத்தம் தர்ற திறன், ஜாஸ்தி இருக்கற ஸ்பீக்கர் போடணும், 3 டெசிபல் கூட இருந்தா பாதி பவர்லயே அதே சத்தம் கெடைக்கும். உங்க செட்டுல வண்டி ஸ்பீடு எடுத்தா அப்பாவுக்கு நியூஸ் வாசிக்கறது கூட புரியல, சவுண்ட ஏத்துனா கரகரங்குது.

இதெல்லாம் பணத்தோட போச்சு. ஃபிட்டிங் பண்ண லட்சணம் உயிருக்கே ஆபத்து, இத தயவு செஞ்சு முழுசா படிங்க. பேட்டரில இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு போற மெயின் ஒயர்ல பேட்டரி பக்கத்துல ஃப்யூஸே போடல. பேட்டரில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள ஒரு ஃப்யூஸ் இருக்கணும்ங்கறது இந்த வேலை செய்யற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆம்ப்ளிஃபயர்ல இருக்கற ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயர காப்பாத்தும், ஆனா நடுவுல ஒயர் பாடில உரசி ஷார்ட் ஆனா அத தடுக்க முடியாது. அந்த ஒயர இன்ஜின் பக்கத்துல இருந்து டேஷ்போர்டுக்கு தகட்டுல ஓட்டை போட்டு இழுத்திருக்காங்க, ஓட்டைல ரப்பர் புஷ் கிடையாது, வெறும் தகட்டு முனை. ஜீப் ஆடற ஆட்டத்துல ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் தேஞ்சு உள்ள இருக்கறது தெரியற அளவுக்கு வந்திருச்சு. அஞ்செட்டி ரோட்டுல குழந்தைங்களோட வரும்போது கருகுன வாசன வந்து வண்டிய நிறுத்தி பேட்டரி டெர்மினல கழட்டுனோம், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது. தேஞ்ச ஒயர எலக்ட்ரீஷியன் கத்தில சுரண்டி காட்டுனாரு, மேல செம்பு கலர், உள்ள வெள்ளையா அலுமினியம். பில்லுல ப்யூர் காப்பர் ஒயரிங் கிட்டுன்னு தெளிவா இருக்கு. அலுமினியம் செம்பு அளவுக்கு கரண்ட் கடத்தாது, சுமார் 60 சதவீதம்தான், அதே தடிமன்ல அதே லோடு குடுத்தா கூடுதலா சூடாகும்.

ஹெட் யூனிட்ல மஞ்சள் ஒயர் எப்பவும் பேட்டரில இருக்கணும், சிவப்பு ஒயர் சாவி திருப்பினாதான் கரண்ட் வர்ற இடத்துல இருக்கணும். உங்க ஆளு ரெண்டயும் ஒண்ணா முறுக்கி நேரா பேட்டரிக்கு குடுத்துட்டாரு, ஆம்ப்ளிஃபயர ஆன் பண்ற ப்ளூ ஒயரயும் அதுலயே சேத்துட்டாரு. அதனால சாவி எடுத்தாலும் ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கிட்டே இருக்கு, காலைல பாத்தா பேட்டரி டவுன், தோப்புக்கு ஆள் ஏத்தற நேரத்துல வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கு. தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி பக்கம் யானை நடமாடற ரோடு, அந்த இடத்துல பாட்ட நிறுத்திட்டு அமைதியா போறதுதான் எங்க பழக்கம், செட்ட ஆஃப் பண்ணாலும் ஸ்பீக்கர்ல ஒரு ஊய்ங்குற சத்தம் நிக்காம வருது, ஆக்ஸிலேட்டர் குடுக்க குடுக்க அதுவும் ஏறுது. டீசல் வண்டில இந்த மாதிரி இரைச்சல் தர்ற ஸ்பார்க் பிளக் இல்ல, அப்ப இது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் சத்தம்தான். சிக்னல் போற ஆர்சிஏ ஒயரயும் மெயின் பவர் ஒயரயும் ஒரே கட்டா டேப் சுத்தி ஒரே பக்கமா கொண்டு போயிருக்காங்க, எர்த் ஒயர பெயிண்ட் சுரண்டாம பெயிண்ட் மேலயே ஸ்க்ரூ போட்டு வச்சிருக்காங்க, சத்தம் வராம என்ன செய்யும்.

பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர மாட்ட ரோல் பார் பைப்புல ட்ரில் போட்டு ஓட்டை பண்ணிட்டாங்க சார். வண்டி கவுந்தா ஆள காப்பாத்தறது அந்த பைப்புதான். கிளாம்ப் போட்டு மாட்டலாம், உங்க கிட்ல கிளாம்ப் உண்டுன்னு விளம்பரத்துலயும் இருக்கு, பெட்டில வரல. இப்ப அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி உள்ள போய் பைப்பு உள்ளேயே துரு பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. முன்னாடி ரெண்டயும் கால் வைக்கற இடத்துக்கு பக்கத்துல தரையோட தரையா வச்சிருக்காங்க, சக்கரம் அடிக்கற சேறு நேரா பேப்பர் கோன்லதான் விழுது. மழை தாங்கும்னு சொன்ன செட்டு ஒரு கோடை மழைக்கே நமுத்துப் போச்சு. அந்த இடத்த முடிவு பண்ணது உங்க ஆளு, நானோ அப்பாவோ அங்க வைங்கன்னு சொல்லல, கொஞ்சம் மேல வைக்க முடியாதா தம்பின்னு அப்பா கேட்டதுக்கு கம்பெனி சொல்ற இடம் இதுதான் ஐயான்னு பதில் சொன்னாரு. அப்பறம் தண்ணி போனதுக்கு வாடிக்கையாளர் பொறுப்புன்னு நீங்க எப்படி எழுதலாம்?

எனக்கு வேண்டியத சொல்லிடறேன். செட்டுக்கும் ஃபிட்டிங்குக்கும் கட்டின 38,500 ரூபாய முழுசா திருப்பி குடுக்கணும். ரோல் பார மாத்தறதுக்கும் மெயின் ஒயரிங்க சரி பண்றதுக்கும் ஆன, ஆகப்போற செலவ பில் படி தரணும், டிங்கர் கிட்ட வாங்குன எஸ்டிமேட் இணைப்புல இருக்கு. ரிப்பேர் பண்ணி தரோம், வேற ஸ்பீக்கர் அனுப்பறோம், அடுத்த ஆர்டர்ல டிஸ்கவுண்ட் தரோம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அதுக்கும் மேல ஒண்ணு, ஓசூர் சென்டர்ல இதே மாதிரி மாட்டிக்கிட்டு போன மத்த ஜீப்காரங்க எல்லாரையும் போன் பண்ணி கூப்பிட்டு மெயின் ஒயர்ல ஃப்யூஸ் இருக்கா, தகட்டு ஓட்டைல புஷ் இருக்கான்னு செக் பண்ணுங்க, அந்த வண்டிங்கள்லயும் குடும்பம்தான் போகுது. இது பணத்த விட அவசரம்.

2020 மின்வணிக விதிகள்படி ஆன்லைன்ல விக்கிறவங்க புகார் வந்த 48 மணி நேரத்துல கெடச்சதுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு குடுக்கணும். அது வரைக்கும் காத்திருப்பேன். அப்பறமும் பழைய பதிலே வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல பதிவு பண்ணிட்டு எங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன். உங்க ஆபீஸ் பெங்களூருல இருக்கு, அங்கதான் கேஸ் போடணும்னு உங்க சர்வீஸ் ஆளு போன்ல சொன்னது சரியில்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வாங்குனவர் குடியிருக்கற ஊர்லயே போடலாம்னு இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. தப்பான விளம்பரம்ங்கறதையும் சேத்துதான் போடுவேன்.

செட்டு முழுசும் பெட்டியோட எங்க வீட்ல இருக்கு, சுரண்டி பாத்த ஒயர், கழட்டுன ஸ்பீக்கர் உட்பட. வந்து எடுத்துக்கலாம், ஆனா வர்றவரு எந்தெந்த பொருள் எந்த நிலமைல இருக்குன்னு எழுதி கையெழுத்து போட்டு ஒரு காப்பி எங்க கிட்ட குடுத்துட்டுதான் எடுத்துட்டு போகணும். போன் பண்ணாதீங்க, பதில் மெயில்ல மட்டும் குடுங்க.

இப்படிக்கு,
ஆர்டர்ல பேர் இருக்கற வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.