ஆளில்லாத தீவும் பழியில்லாத கேடயமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்ந்து வரும் ஏவுகணையை வழியிலேயே மறிக்கும் ஏவுகணைத் தடுப்பை ஆதரித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கையில் பென்சில் இருந்தது. "வாள்தான் கொல்லும், கேடயம் யாரையும் கொன்றதில்லை. அதை எதிர்ப்பவர்களுக்கு அறம் பேசத் தகுதியில்லை" என்று ஒரு வரி. மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம். அச்சில் வந்துவிட்டதால் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வாதத்தைக் கட்டுரையாளர் அமெரிக்க அதிபர் ரீகன் காலத்துக் கண்டுபிடிப்பு போல எழுதுகிறார். ரீகன் 1983 மார்ச் 23 அன்று ஏவுகணைத் தடுப்பை ஆதரித்துத் தொலைக்காட்சியில் பேசுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1967 ஜூனில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கிளாஸ்பரோவில் நடந்த பேச்சுவார்த்தையில் இதே வாதத்தை மேசையில் வைத்தவர் சோவியத் பிரதமர் கோசிகின். ஏவுகணைத் தடுப்பைக் கைவிடுங்கள், அது போட்டியைத்தான் வளர்க்கும் என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா வாதாட, தற்காப்பு அறம், தாக்குதல்தான் அறமற்றது என்று கோசிகின் சீறினார். மக்னமாராவே பின்னாளில் சொன்னது இது. ஆக, கம்யூனிஸ்டு பேசிய வசனத்தைப் பதினாறு ஆண்டு கழித்து அமெரிக்க அதிபர் பேசினார், அமெரிக்கர் பேசிய வசனத்தை கிரெம்ளின் எடுத்துக்கொண்டது. தாங்கள் அறியாததா? கட்டுரையாளருக்கு மட்டும் எப்படியோ தெரியாமல் போயிற்று.

அந்த 1967-இல் அமெரிக்காவிடம் 31,000-க்கும் அதிகமான அணுகுண்டுகள் இருந்தன. மாஸ்கோவைச் சுற்றி எழும்பிய தடுப்புக்கு அமெரிக்கா கண்ட பதில் என்ன? தடுப்பைத் திணறடிக்க, ஒரே ராக்கெட்டில் மூன்று குண்டுகள். 1970-இல் மினிட்மேன்-3 ஏவுகணை அப்படித்தான் ஏவுகுழிகளில் இறங்கியது. சில ஆண்டுகளில் சோவியத்தும் அதையே செய்தது. கேடயம் பெற்ற பிள்ளைகள் இவை. இந்த விபரீதம் புரிந்துதான் 1972-இல் நிக்சனும் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் உட்கார்ந்து, தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டார்கள். முப்பதாண்டுகள் நின்ற அந்த ஒப்பந்தத்திலிருந்து 2002-இல் அமெரிக்கா விலகியது. நான்கு பக்கக் கட்டுரையில் அந்த ஒப்பந்தத்துக்கு அரை வாக்கியம். குடை பிடித்த குழந்தையின் ஓவியத்துக்கு முழுப் பக்கம்.

நான் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன். நாணயமும் இறகும் போட்ட கண்ணாடிக் குழாயைத் தாங்களும் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். காற்றை உறிஞ்சிவிட்டால் இரண்டும் ஒன்றாக விழும். எங்கள் பள்ளிப் பம்பு கசியும். இறகு ஆடி ஆடித்தான் இறங்கும். புதுப் பம்பு கேட்டு ஆண்டுதோறும் எழுதினேன், வரவேயில்லை. "முழு வெற்றிடமாக இருந்தால் சேர்ந்தே விழும்" என்று வாயால் சொல்லிச் சமாளித்தேன். சோதனை தோற்றால் வாய் நீளும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் குழாய்ப் பாடம்தான் இங்கேயும். கண்டம் தாண்டும் ஏவுகணை பாதையின் பெரும்பகுதியைக் காற்றில்லா வெளியில் கடக்கிறது. அங்கே அணுகுண்டும், ஏமாற்றுவதற்காக அதன் வடிவில் ஊதிய பலூனும் ஒரே வேகத்தில், பக்கத்துப் பக்கத்தில் போகும். எது குண்டு, எது பலூன் என்று தரையில் இருப்பவன் சில நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலுக்குக் கட்டுரையில் இடமில்லை. 2025 மே மாதம் டிரம்ப் அறிவித்த 17,500 கோடி டாலர் 'கோல்டன் டோம்' தடுப்புத் திட்டம் பற்றி மட்டும் இரண்டு பத்தி. அமெரிக்கத் தடுப்பு ஏவுகணைகளின் தொடக்ககாலச் சோதனைகள் சிலவற்றில், தான் எங்கே இருக்கிறேன் என்று அறிவிக்கும் கருவியை இலக்கு ஏவுகணையே சுமந்துகொண்டு பறந்தது. திருடனுக்கு மணி கட்டிவிட்டு நடத்திய காவல் ஒத்திகை.

குறுந்தூர ராக்கெட்டுகளைத் தடுக்கும் கருவிகள் உயிர் காத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு பாக்கி. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதியின் தஹ்ரான். பேட்ரியட் என்ற ஏவுகணைத் தடுப்புக் கருவி ஒன்று நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியை எண்ணுவது. 0.1 என்ற எண்ணைக் கணினியின் இரும எண்முறையில் முழுதாக எழுத முடியாது, எங்கோ வெட்டியாக வேண்டும். வெட்டிய துணுக்கு சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆயிற்று. அதற்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டர் போய்விடும். கருவி தவறான இடத்தில் தேடியது, தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. படைவீரர் குடியிருப்பில் 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. தசமத்தைத் தோராயமாக வெட்டிய மாணவனுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்ததற்காக அவன் தந்தை தலைமையாசிரியர் அறைவரை வந்து சத்தம் போட்டார். தலைமையாசிரியரும் அவர் பக்கம். "அரை மார்க்கில் என்ன சார் குடி முழுகிவிடும்?" என்றார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

கேடயம் கொன்றதில்லையாம். சரி, கொல்லவில்லை என்றே வைப்போம். அது யாரை வீட்டைவிட்டு எழுப்பியது என்று பார்த்தாரா கட்டுரையாளர்? பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் பிகினியில் 1946-இல் 167 பேரை அமெரிக்கர்கள், மனிதகுல நன்மைக்காக என்று சொல்லி, தற்காலிகமாக என்று நம்பவைத்து அனுப்பினார்கள். அது அணுகுண்டுச் சோதனைக்கு. 1958 வரை அந்தத் தீவுக் கூட்டத்தில் 67 குண்டுகள். 1954 மார்ச் 1 அன்று வெடித்தது 15 மெகாடன். (தங்கள் இதழ் முன்பொருமுறை இந்த வெடிதிறன் அளவை, மின்திறனை அளக்கும் 'மெகாவாட்' என்று அச்சிட்டது. நான் அனுப்பிய திருத்தம் போடப்படவில்லை. அந்தச் சாம்பல் படிந்த ஜப்பானிய மீன்படகின் 23 பேரைப் பற்றியும், ஏழு மாதத்துக்குள் இறந்த அதன் வானொலி இயக்குநர் குபோயாமா பற்றியும் எழுதியிருந்தேன். அச்சில் வந்தவை தங்கள் இதழைப் பாராட்டிய முதல் இரண்டு வரிகள் மட்டும். இடமின்மை என்று பதில் வந்தது. புரிந்துகொண்டேன்.)

அதே தீவுக் கூட்டத்தில்தான் குவாஜலீன். அது கேடயத்துக்காக. 1962-இல் நைக் சீயஸ் தடுப்பு ஏவுகணை அங்கிருந்துதான் பறந்தது. பின்னர் கலிஃபோர்னியாவிலிருந்து ஏவுவதெல்லாம் வந்து விழ, நடுக் காயலைச் சுற்றிய தீவுகளின் மக்களைக் கிளப்பி, சுமார் 80 ஏக்கர் கொண்ட எபெயி என்ற துண்டு நிலத்தில் அடைத்தார்கள். அவர்கள் காலையில் படகேறி ராணுவத் தீவுக்கு வேலைக்குப் போக வேண்டும், மாலையில் திரும்பிவிட வேண்டும். 1982-இல் சுமார் ஆயிரம் பேர் படகுகளில் போய்த் தங்கள் சொந்தத் தீவுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எதிர்த்துப் பார்த்தார்கள். சோதனைத் தளம் இன்றும் இருக்கிறது, ரீகன் பெயரில். வாளுக்கு ஒரு முறை, கேடயத்துக்கு ஒரு முறை என்று இரண்டுக்கும் இடம் கொடுத்தவர்கள் அந்த ஒரே மக்கள். அவர்களிடம் போய் அறம் பேசும் தகுதி யாருக்கு என்று கட்டுரையாளர் கேட்கட்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம், கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட குவாஜலீன் படத்தின் கீழே உள்ள குறிப்பு: 'ஆளில்லாத பசிபிக் தீவில் சோதனை'. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கேட்கவில்லை. மறுப்புக் கட்டுரைக்கு இடமும் கேட்கவில்லை, இடமின்மை எனக்குத் தெரியும். 'ஆளில்லாத' என்ற ஒரு சொல்லை நீக்கி அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். அதோடு 'மெகாவாட்'டையும் சேர்த்துக்கொண்டால் நன்றியுடையவனாவேன். இந்த முறை பாராட்டு வரிகள் எழுதவில்லை. வெட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்