அந்த 20-ஐ அளந்தது யார்?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையெல்லாம் கிரீஸ், பேனாவைத் தொட முடியவில்லை என்றே வைத்துக்கொள். மகளுக்கு வேலை கிடைத்த சேதி ரொம்ப சந்தோஷம்டா. முழங்கால் இப்போது தேவலையா?

பழைய மலைச் சைக்கிள் ஒன்று 20 இஞ்ச் என்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த 20-ஐ எங்கிருந்து எதுவரை அளந்தார்களாம்? என்னிடம் இருப்பதில் ஸ்டிக்கர் போய்விட்டது. மாப்பிள்ளை அளந்து 18 என்றார், நான் அளந்தால் 19. அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால் இரண்டும் சரி. பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் அச்சின் (பெடல் அச்சு) நடுவிலிருந்து, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் மேல்விளிம்பு வரை 48.5 செ.மீ.; மேல் குறுக்குக் கம்பியான டாப் டியூபின் நடுக்கோடு வரை என்றால் 46. கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. அதுவும் டாப் டியூபைச் சரித்து வைக்க ஆரம்பித்த பிறகு, இந்த எண்ணை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. நின்றால் கம்பி இடிக்குமா என்பதற்கே அது முழுசாக உதவாது. நீ எவ்வளவு எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது டாப் டியூபின் கிடைமட்ட நீளத்தில் இருக்கிறது. என்னுடையதில் 57.

ஆனால் என்னைப் படுத்தியது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதாவது ஃபோர்க்தான். மேட்டில் ஏறினால் முன்சக்கரம் இங்குமங்கும் அலையும். சீட்டை முன்னால் தள்ளித் தள்ளி, அடியிலிருக்கும் கம்பியே முடிந்துவிட்டது; அப்போதும் பின்னால் உட்கார்ந்த மாதிரியேதான். யாரோ ஒரு புண்ணியவான் பழைய விறைப்பான ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் ஃபோர்க் போட்டிருக்கிறார். அளந்தேன்: சக்கர அச்சிலிருந்து மேல் தோள் வரை 44.5 செ.மீ. இந்த மாதிரிப் பழைய ஃபிரேமுக்கு அந்தக் காலத்தில் வந்த ஃபோர்க்குகள் 39, 40 செ.மீ. பக்கம்தான் இருக்கும்.

தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹெட் டியூபில் போனைச் சாய்த்துக் கோணம் எடுத்தேன். 68.5 டிகிரி. சீட் டியூப் 70.5. ஃபோர்க் 2 செ.மீ. நீண்டால் சுமார் ஒரு டிகிரி படுக்கும் என்பது கணக்கு. 5 செ.மீ.க்கு இரண்டரையைக் கூட்டிப் பார், 71, 73! எண்பதுகளின் கடைசியிலிருந்து மலை ரேஸ் சைக்கிள்களில் திரும்பத் திரும்ப வந்த ஜோடி அது. அதைப் பார்த்ததும் தொலைந்த சாவி கிடைத்த மாதிரி இருந்தது. (ஆள் ஏறினால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், அதைக் கழித்தால் வித்தியாசம் குறையும். இருந்தாலும் போதும் போதும் என்கிற அளவு மிச்சம்.) பெடல் அச்சும் தரையிலிருந்து 2 செ.மீ. உயர்ந்திருந்தது.

பிறகு நூலில் ஒரு நட்டைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவாரே அப்படி, ஹெட் டியூபின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். பெடல் அச்சின் நடுவுக்கும் நூலுக்கும் இடையே 37.8. எனக்குத் தெரிந்தவரிடம் 39.5 நீளத்தில் விறைப்பான ஃபோர்க் ஒன்று கிடைத்தது. மாட்டிவிட்டு மறுபடி நூல் விட்டேன்: 40. ஃபிரேமில் ஒரு குழாயைத் தொடவில்லை, 2 செ.மீ. முன்னே போய்விட்டது! இப்போதைய மலைச் சைக்கிள்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 45-ஐத் தாண்டும், அதனால்தான் அவற்றின் ஸ்டெம் (ஹாண்டிலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் துண்டு) கட்டைவிரல் நீளம். இதில் 13 செ.மீ. ஸ்டெம். அதைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போடச் சொல்லும் ஆட்கள் பேச்சைக் கேட்காதே. குட்டை ஸ்டெம் போட்டால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும்.

அதனால் விற்கிறவரிடம் இரண்டு அளவு மட்டும் கேட்டு வாங்கு: டாப் டியூபின் கிடைமட்ட நீளம், ஃபோர்க் நீளம். போட்டோ அனுப்பினால் பக்கவாட்டில், சைக்கிள் நேராக நிற்கும்படி எடுக்கச் சொல். கொஞ்சம் கோணலாக எடுத்தாலும் கோணமெல்லாம் பொய் சொல்லும். அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். மாப்பிள்ளையிடம் மட்டும் காட்டமாட்டேன்.

அன்புடன்,
சேகர்